128 பைட்டுக்குள் ஓர் ஆர்கேட்: தொடக்ககால வீட்டுக் கன்சோல் நிரலாளர்களின் தெரிவுகள்

1. கேள்வி

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேட் ஆட்டம் 1978இல் வெளிவந்தது. அதன் ஆர்கேட் பெட்டியில் திரைப்படிமத்தைத் தாங்குவதற்கு மட்டும் 7,168 பைட் நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1980இல் அதே ஆட்டம் அட்டாரி 2600 என்ற வீட்டுக் கன்சோலுக்கு வந்தது. அந்தக் கன்சோலின் மொத்த நினைவகமே 128 பைட். ஆர்கேட் பெட்டி படத்துக்கு மட்டும் ஒதுக்கியதில் சரியாக ஐம்பத்தாறில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் ஆட்டம் வெற்றி பெற்றது. அதை விளையாடுவதற்காகவே மக்கள் கன்சோலை வாங்கினார்கள்.

1982இல் அதே கன்சோலுக்கு பாக்-மேன் வந்தது. அதே அட்டாரி நிறுவனம், அதே இயந்திரம், அதே 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜ். ஆனால் இன்றுவரை ஆர்கேட் ஆட்டமொன்று வீட்டுக்கு வரும்போது எப்படிச் சிதையக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அதுதான்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எங்கிருந்து வந்தது? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியையே ஆராய்கிறது. வன்பொருளின் போதாமை இதற்குப் பாதி விடைதான் என்பது என் வாதம். ஆட்டமொன்றின் உயிர் எதில் இருக்கிறது என்று நிரலாளர் முடிவு செய்ததும், அந்த முடிவை நிறைவேற்ற நிறுவனம் எவ்வளவு இடமும் காலமும் கொடுத்தது என்பதும் மறுபாதி.

2. இதுவரையான விளக்கங்கள்

இக்காலகட்டத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு விளக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, இயந்திரத்தின் மீது பழிபோடுவது: கன்சோல் வலுவற்றது, ஆகவே பிரதிகள் மோசமாக அமைந்தன என்பது. இரண்டாவது, தனிமனிதரைப் போற்றுவது: மேதையான ஒரு நிரலாளர் இரவு பகலாக உழைத்து முடியாததை முடித்துக் காட்டினார் என்பது. முதல் விளக்கம் வெற்றிகளை விளக்காது. இரண்டாவது விளக்கம் தோல்விகளை விளக்காது. விளக்கப் புகுந்தால் தோல்வி முழுவதையும் ஒரு தனிமனிதரின் தலையில் கட்டிவிடும்.

கல்விப்புலத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல் நிக் மான்ட்ஃபோர்ட்டும் இயன் போகோஸ்ட்டும் எழுதி 2009இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட 'ரேசிங் த பீம்'. கணினித் தளம் ஒன்றின் கட்டமைப்பு அதில் உருவாகும் படைப்புகளை எப்படி வடிவமைக்கிறது என்பதை அந்நூல் அட்டாரி 2600இன் ஆட்டங்கள் வழியாகக் காட்டியது. வன்பொருளே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய நூலுக்குப் பின் வந்த பொதுப்பேச்சில் சில்லின் குணங்கள் முன்னுக்கு வந்து, கார்ட்ரிட்ஜின் விலை, வெளியீட்டு நாள், உரிமம் ஆகியவை பின்னுக்குப் போயின. ஒரே இயந்திரத்தில் வந்த ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதன் மூலம் அந்தச் சமநிலையை மீட்க முடியும். இயந்திரம் மாறாதபோது விளைவு மாறினால், மாறியது வேறு ஏதோ ஒன்று.

3. கோட்டுக்குக் கோடு வரையும் இயந்திரம்

அட்டாரி 2600 செப்டம்பர் 1977இல் விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியாவின் கிராஸ் வேலியில் ஸ்டீவ் மேயரும் ரான் மில்னரும் அதன் அடிப்படைக் கருத்தை வகுத்தார்கள். ஜோ டெக்கூவரும் ஜே மைனரும் அதன் படச்சில்லை வடிவமைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவை இரண்டு ஆட்டங்கள்: 1972இன் பாங், 1974இன் டாங்க். அதனால் சில்லுக்குள் இருந்தவையும் அவ்விரண்டுக்கும் வேண்டியவையே: எட்டுப் புள்ளி அகலமுள்ள இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, பின்னணிக்கு இருபது பிட் கொண்ட ஒரு களம். களம் திரையின் இடப்பாதியை நிரப்பும். வலப்பாதியில் அதுவே மறுபடியும் வரும், அல்லது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி வரும்.

இயந்திரத்தின் மையமான உண்மை வேறொன்று. முழுப்படத்தையும் வைத்துக்கொள்ள அதற்கு இடமே இல்லை. 160 புள்ளி அகலமும் 192 கோடு உயரமும் கொண்ட படத்தை, புள்ளிக்கு ஒரு பிட் வீதம் கறுப்பு வெள்ளையில் வைத்தால்கூட 3,840 பைட் வேண்டும். இருந்ததோ 128. ஆகவே படச்சில்லு ஒரே ஒரு கோட்டுக்கான தகவலை மட்டும் வைத்திருந்தது. தொலைக்காட்சிக் குழாயில் மின்னணுக் கற்றை ஒவ்வொரு கோடாக இறங்கி வரும்போது, அடுத்த கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் அந்தக் கணத்திலேயே சொல்லிவிட வேண்டும். தறியில் ஊடு நூல் ஓடும் நேரத்துக்குள் அடுத்த வரியின் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டிய நெசவாளரின் நிலை அது.

இதன் கணக்கு கடுமையானது. 6507 என்ற செயலி நொடிக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. ஒரு கோடு வரையப்படும் நேரத்தில் அதற்குக் கிடைப்பவை 76 துடிப்புகள். மிக எளிய கட்டளைக்கே இரண்டு துடிப்புகள் செலவாகும். ஒரு துடிப்புக்குள் கற்றை மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். உருவம் திரையில் இடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஓர் எண்ணாக எழுதிவைக்கவும் வழியில்லை. கற்றை அந்த இடத்துக்கு வரும் கணத்தில் நிரல் சில்லின் குறிப்பிட்ட முகவரியைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் உருவம் நிற்கும். அதற்குப் பிறகு சிறு நகர்த்தல்களால் நேர்செய்துகொள்ளலாம்.

ஆட்டத்தின் விதிகள், மோதல்கள், மதிப்பெண், ஒலி எல்லாவற்றையும் கணிக்க மீந்திருந்தது கற்றை திரைக்கு வெளியே இருக்கும் நேரம் மட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையின் 262 கோடுகளில் படத்துக்கான 192 போக மீதி 70 கோடுகள். அதாவது ஏறத்தாழ 5,300 துடிப்புகள். இவ்வளவையும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடக்க வேண்டும். அட்டாரியில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஆட்டத்தை வடிவமைத்தார், படம் வரைந்தார், ஒலி அமைத்தார், நிரல் எழுதினார். பெட்டியின் மேல் அவர் பெயர் அச்சாகவில்லை.

4. ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: இயந்திரத்துக்குப் பொருந்திய தெரிவு

வீட்டுக் கன்சோலுக்கு முறையான உரிமத்தோடு வந்த முதல் ஆர்கேட் ஆட்டமாகக் கருதப்படும் ஸ்பேஸ் இன்வேடர்ஸை 2600க்கு எழுதியவர் ரிக் மவுரர். ஆர்கேடில் பதினொன்று பத்தியாக ஐந்து வரிசையில் 55 படையெடுப்பாளர்கள் வருவார்கள். இரண்டே இரண்டு உருவங்களைக் காட்டும் சில்லில் இது எப்படிச் சாத்தியம்?

படச்சில்லில் ஒரு சிறு வசதி இருந்தது. ஓர் உருவத்தை ஒரே கோட்டில் மூன்று நகல்களாகக் காட்டலாம். இரண்டு உருவங்களுக்கும் மும்மூன்று நகல் என்றால் ஒரு வரிசைக்கு ஆறு. வரிசை முடிந்ததும் கற்றை கீழே இறங்குகிறது. அதே இரண்டு உருவங்களுக்கு வேறு வடிவம் கொடுத்து அடுத்த வரிசையை வரையலாம். மவுரரின் ஆட்டத்தில் ஆறு பத்தி, ஆறு வரிசை என 36 படையெடுப்பாளர்கள் இருந்தார்கள். ஆர்கேடின் நான்கு அரண்கள் மூன்றாயின.

எண்ணிக்கை குறைந்தது என்று மட்டும் இதைப் பார்த்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம். ஆர்கேட் ஆட்டத்தின் பதற்றம் எங்கிருந்து பிறந்தது? நிஷிகாடோவின் இயந்திரம் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரை ஒருமுறை வரையப்படும் நேரத்துக்கு, ஒரு படையெடுப்பாளரை மட்டுமே நகர்த்தியது. ஆட்கள் குறையக் குறைய முழு அணியும் ஒரு சுற்று நகர்வதற்கான நேரம் குறைந்தது; கடைசியில் மிஞ்சிய ஒருவன் பாய்ந்து ஓடினான். வன்பொருளின் மெதுவான வேகமே ஆட்டத்தின் உச்சத்தை உண்டாக்கியது. 2600இல் அந்தக் காரணம் கிடையாது. அங்கே முழு அணியும் ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக வரையப்பட்டாக வேண்டும். ஆகவே வேகம் தானாகக் கூடாது. கூடும்படி நிரலாளர் எழுத வேண்டும். மூலத்தில் தற்செயலாக விளைந்ததை மவுரர் அதன் சாரமாக அடையாளம் கண்டு, மனமறிந்து வீட்டு ஆட்டத்தில் வைத்தார். அவர் விட்டுக்கொடுத்தது எண்ணிக்கையை, காத்தது அழுத்தத்தை. அதோடு நிற்காமல், 4 கிலோபைட்டுக்குள் 112 ஆட்ட வகைகளையும் சேர்த்தார். நாணயம் போட்டுச் சில நிமிடம் ஆடும் ஆர்கேடுக்குத் தேவைப்படாத அந்தப் பன்மை, வரவேற்பறையில் மாதக்கணக்கில் ஆடப்படும் கார்ட்ரிட்ஜுக்குத் தேவைப்பட்டது.

5. பாக்-மேன்: எது தோற்றது?

நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி வடிவமைத்த பாக்-மேன் 1980இல் வெளிவந்தது. 2600க்கான பதிப்பை டாட் ஃப்ரை எழுதினார். மார்ச் 1982இல் வெளியானது. சிக்கல் இங்கே வேறு வகைப்பட்டது. படையெடுப்பாளர்கள் வரிசை கட்டி நிற்பவர்கள். நான்கு பேய்களும் பாக்-மேனும் புதிர்ப்பாதையில் தத்தம் போக்கில் அலைபவர்கள். ஐவரும் ஒரே கிடைக்கோட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு உருவங்களைக் கொண்டு ஐவரைக் காட்ட வேண்டும்.

ஃப்ரை ஓர் உருவத்தைப் பாக்-மேனுக்குக் கொடுத்தார். மற்றதை நான்கு பேய்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. நொடிக்கு 60 சட்டகங்களில் ஒவ்வொரு பேயும் 15இல் மட்டும் தோன்றியது. விளைவு, எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த மினுக்கம்.

நினைவகக் கணக்கும் இறுக்கமானது. ஆர்கேடில் தின்ன வேண்டிய புள்ளிகள் 244. எவை தின்னப்பட்டன என்பதைப் புள்ளிக்கு ஒரு பிட்டாக வைத்தால் 31 பைட். இருவர் மாறி மாறி ஆடும் வகை வேண்டுமென்றால் இருவருடைய நிலையையும் வைக்க வேண்டும். 128 பைட்டில் ஏறத்தாழப் பாதி அங்கேயே போய்விடும். ஆகவே புள்ளிகள் குறைந்தன, தடித்த கீற்றுகளாயின. பக்கவாட்டில் இருந்த சுரங்க வழி மேலும் கீழுமாக மாறியது. கறுப்புப் பின்னணியில் நீலச் சுவர்கள் என்ற ஆர்கேடின் தோற்றம், நீலப் பின்னணியாகத் தலைகீழானது. விண்வெளி ஆட்டங்களுக்கு மட்டுமே கறுப்புப் பின்னணி என்ற வழக்கம் அட்டாரிக்குள் இருந்ததாக ஃப்ரை பின்னாளில் கூறியிருக்கிறார்.

இவற்றில் வன்பொருள் கட்டாயப்படுத்தியவை எவை? ஐவரை இருவரால் காட்ட வேண்டிய நெருக்கடி சில்லிலிருந்து வந்தது. பின்னணி நிறம் சில்லிலிருந்து வரவில்லை. களத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பும் வசதி, இடமும் வலமும் ஒத்திருந்த ஆர்கேடின் புதிர்ப்பாதைக்கு உண்மையில் உதவியாகவே இருந்திருக்கும். 4 கிலோபைட் என்ற அளவும் இயந்திரத்தின் இறுதி எல்லை கிடையாது. 1981இலேயே பிராட் ஸ்டூவர்ட் எழுதிய ஆஸ்டிராய்ட்ஸ் 8 கிலோபைட்டில் வெளிவந்துவிட்டது. செயலி ஒரு நேரத்தில் 4 கிலோபைட்டையே பார்க்கும் என்பதால், கார்ட்ரிட்ஜின் இரண்டு பாதிகளை நிரலின் கட்டளைப்படி மாற்றி மாற்றிக் காட்டும் முறையை அது கையாண்டது. பாக்-மேன் வெளிவந்தபோது அம்முறை அதே நிறுவனத்தின் கைவசம் இருந்தது. கூடுதல் நினைவகம் என்றால் கார்ட்ரிட்ஜுக்குக் கூடுதல் செலவு. தயாரிக்கப்படவிருந்த பிரதிகளோ பல லட்சம். 4 கிலோபைட் என்பது பொருளாதார முடிவு.

'தோல்வி' என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளோடு, 2600இல் மிக அதிகமாக விற்ற ஆட்டம் அதுவே. விற்பனையில் வென்று, மதிப்பில் வீழ்ந்தது. கடைகளில் தேங்கிய பிரதிகளும் குலைந்த நம்பிக்கையும் 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்கான பல காரணங்களில் சேர்ந்தன.

6. மிஸ் பாக்-மேனும் யார்ஸ் ரிவெஞ்சும்: மாற்றுச் சான்றுகள்

ஓராண்டுக்குள் அதே கன்சோலுக்கு மிஸ் பாக்-மேன் வந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் அதை அட்டாரிக்காக 8 கிலோபைட்டில் உருவாக்கியது. ஆர்கேடின் மிஸ் பாக்-மேனை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். இங்கும் இரண்டு உருவங்கள், ஐந்து பாத்திரங்கள், 128 பைட். ஆனால் பேய்கள் வெவ்வேறு உயரங்களில் இருக்கும்போது, கற்றை மேலிருந்து கீழே வரும் வழியிலேயே ஒரே உருவத்தை இடம்மாற்றி மறுபடியும் பயன்படுத்தினார்கள். பாத்திரங்கள் ஒரே உயரத்தில் நெருங்கும்போது மட்டுமே மினுக்கம் தேவைப்பட்டது. புதிர்ப்பாதையும் இசையும் நிறங்களும் ஆர்கேடுக்கு அருகில் வந்தன.

இந்த ஒப்பீடு இயந்திரத்தின் மேல் போடப்பட்ட பழியைப் பெருமளவு நீக்குகிறது. ஒரு மறுப்பும் எழலாம்: எட்டும் நான்கும் சமமா? சமமில்லை. இடம் இரட்டித்தது பெரிய உதவி. ஆனால் பிற்காலத்தில் ஆர்வலர்கள் 4 கிலோபைட்டுக்குள்ளேயே ஆர்கேடுக்கு மிக நெருக்கமான பாக்-மேனை 2600க்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது நினைவகம் கிடையாது. காலமும், பலர் சேர்ந்து திரட்டிய அறிவும், கெடு நாள் இல்லாத நிம்மதியுமே கிடைத்தன. இதை வைத்து ஃப்ரையைக் குறை சொல்வது அநீதி. 1981இல் தனியாக உட்கார்ந்து எழுதியவரிடம் இருபத்தைந்து ஆண்டுகளின் கூட்டறிவை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வழியும் இருந்தது: பிரதி எடுக்க மறுப்பது. 1980இல் சினிமாட்ரானிக்ஸ் வெளியிட்ட ஸ்டார் காஸில் நேர்கோடுகளை நேரடியாகத் திரையில் வரையும் வெக்டர் ஆட்டம். நடுவில் பீரங்கி, அதைச் சுற்றி மூன்று சுழலும் வளையங்கள். அதை 2600க்கு மாற்றும் பணி ஹோவர்டு ஸ்காட் வார்ஷாவுக்குத் தரப்பட்டது. நேர்ப்பிரதி மோசமாகவே வரும் என்று கருதிய அவர், அதன் உறுப்புகளை எடுத்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். அரணைத் துளைத்தல், உள்ளிருக்கும் எதிரி, பின்தொடரும் ஆயுதம் ஆகியவை நின்றன, வளையங்கள் போயின. 1982இல் யார்ஸ் ரிவெஞ்ச் என்ற பெயரில் வந்த அந்த ஆட்டத்தின் நடுவே ஒளிரும் நடுநிலைப் பட்டை, நிரலின் பைட்டுகளையே படமாகக் காட்டியது. தனியே படத்தரவு வைக்க இடமில்லாத இடத்தில் நிரலே அலங்காரமும் ஆயிற்று. ஸ்டார் காஸிலையும் 2600இல் எழுத முடியும் என்று பிற்காலத்தில் நிரூபிக்கப்பட்டது. அது வார்ஷாவின் முடிவைப் பிழையாக்கவில்லை. அன்றைய கெடுவுக்குள் அவர் எடுத்த தெரிவு ஒரு நல்ல ஆட்டத்தைத் தந்தது.

7. ரொறன்ரோவிலிருந்து எதிர்த்திசையில்

போக்குவரத்து ஆர்கேடிலிருந்து வீட்டை நோக்கி மட்டும் நடக்கவில்லை. எதிர்த்திசையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவில் உருவானது. ரொறன்ரோவில் பீட்டர் லீப்பாவும் கிறிஸ் கிரேயும் அட்டாரியின் 8 பிட் வீட்டுக் கணினிக்காக உருவாக்கிய போல்டர் டாஷை 1984இல் ஃபர்ஸ்ட் ஸ்டார் நிறுவனம் வெளியிட்டது. அதன் வித்து கிரேயின் தொடக்க முயற்சி; அது தி பிட் என்ற ஆர்கேட் ஆட்டத்தை ஒத்திருந்தது. லீப்பா அதை நகல் நிலையிலிருந்து விலக்கி, பாறைகள் விழுவதற்கும் உருள்வதற்கும் சில எளிய விதிகளை வகுத்து, அவ்விதிகளே ஆட்டத்தை நடத்தும்படி செய்தார்.

இங்கும் சிக்கனமே வடிவத்தைத் தந்தது. ஒவ்வொரு குகையும் 40க்கு 22 என 880 கட்டங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சேமிக்காமல், ஒரு வித்து எண்ணையும் எந்தப் பொருள் எவ்வளவு அடர்த்தியில் வர வேண்டும் என்ற அளவையும் மட்டும் வைத்தார்கள். வித்து எண்ணிலிருந்து போலிச் சமவாய்ப்பு முறையில் மண்ணும் பாறையும் வைரமும் பரவும். பிறகு வேண்டிய இடங்களில் சுவர்களும் பொருள்களும் வரையப்படும். ஒரே வித்திலிருந்து எப்போதும் ஒரே குகை பிறக்கும். அதே 1984இல் எக்சிடி நிறுவனம் போல்டர் டாஷை ஆர்கேடுக்குக் கொண்டுசென்றது. வீட்டுக் கணினியிலிருந்து ஆர்கேடுக்குப் போன மிகத் தொடக்ககால ஆட்டங்களில் அது ஒன்று. ஆர்கேட் மூலம், வீடு பிரதி என்ற படிநிலை அங்கே தலைகீழாகிறது. வீட்டுக் கணினியின் ஒடுக்கமான நினைவகத்துக்குள் பிறந்த விதிகள் ஆர்கேடிலும் செல்லுபடியாயின.

8. சான்றுகளின் இருப்பிடம்

இத்தகைய ஆய்வுக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, நிரலாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்துக் கொடுத்த நேர்காணல்கள். அவை மதிப்பு மிக்கவை. ஆனால் புகழும் பழியும் நினைவை வளைத்துவிடும். பாக்-மேன் பற்றிய கதைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மற்றது, கார்ட்ரிட்ஜ். அதிலுள்ள நிரலைப் பிரித்துப் படித்தால் உருவங்கள் எந்த முறையில் பகிரப்பட்டன, எத்தனை பைட் எதற்குச் செலவானது என்பதைச் சரிபார்க்கலாம். நேர்காணலும் நிரலும் முரண்படும் இடத்தில் நிரலையே நம்ப வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் நிரல் எல்லாவற்றையும் சொல்லாது. ஏன் 4 கிலோபைட், ஏன் அந்த வெளியீட்டு நாள் என்பதற்கு நிறுவன ஆவணங்களும் அக்கால இதழ்களும் விளம்பரங்களும் வேண்டும்.

இவற்றை ஒருசேரப் பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மிசிசாகாவில் இருக்கிறது. ஒன்ராறியோவின் பிராண்ட்ஃபோர்டில் தனிநபர் கணினி அருங்காட்சியகம் நடத்திய சிட் போல்டன் 2018இல் காலமானார். அவர் வாழ்நாளில் திரட்டிய வீடியோ கேம் தொகுப்பு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாக நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. 14,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களும் கன்சோல்களும் ஆயிரக்கணக்கான விளையாட்டு இதழ்களும் அதில் அடங்கும். பலர் விளையாட்டுச் சாமான் என்று தூக்கி எறிந்ததை ஒருவர் காத்துவைத்ததால், இன்று அது ஆய்வுப் பொருளாகியிருக்கிறது.

9. முடிவு

ஒப்பீட்டிலிருந்து மூன்று முடிவுகளை எடுக்கலாம். முதலாவது, 2600இன் எல்லைகள் உண்மையானவை, ஆனால் அவை அசையாதவை என்பது தவறு. நிரலாளர்களின் கூட்டறிவு வளர வளர அதே சில்லின் எல்லை விரிந்தது. இரண்டாவது, நல்ல மீட்டுருவாக்கம் அதிகமான கூறுகளைக் காத்ததால் நல்லதாகவில்லை. எதை இழக்கலாம் என்பதைச் சரியாக அறிந்ததால் நல்லதாயிற்று. 55ஐ 36 ஆக்கிய மவுரரும் வளையங்களைக் கைவிட்ட வார்ஷாவும் இதற்குச் சான்று. மூன்றாவது, பாக்-மேனின் குறைகளுக்குப் பொறுப்பைப் பங்கிட்டால் பெரும்பங்கு சில்லுக்கும் போகாது, ஃப்ரைக்கும் போகாது. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவையும் வெளியீட்டு நாளையும் தீர்மானித்த வணிக முடிவுகளுக்கே போகும்.

தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இதே 1980களில், இதைப் போலவே ஒடுங்கிய நினைவகத்துக்குள் தமிழ் எழுத்துகளைக் கொண்டுவரப் போராடியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு ஆகிய தமிழ் மென்பொருள்கள் அப்போராட்டத்தின் விளைபொருள்கள். அவர்களும் எதைக் காப்பது, எதை விடுவது என்று பைட் கணக்கில் முடிவெடுத்தவர்கள். அந்தத் தெரிவுகளை ஆராய, அன்றைய வட்டுகளும் கையேடுகளும் நிரல்களும் வேண்டும். காந்த வட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இப்போதே நகலெடுத்து, நூலகங்களிடமும் ஆவணக் காப்பகங்களிடமும் ஒப்படைக்க வேண்டும்.